ஒரே புகை, வேறு வேறு நுரையீரல்கள்

பல்லாண்டுகள் புகைபிடித்தவர்களில் சிலருக்கு மட்டும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் ஏன் விரைவாக முற்றுகிறது என்ற கேள்வி என்னை நெடுநாளாக வருத்தி வந்திருக்கிறது. ஒரு முறை இழுக்கும் சிகரெட் புகையிலேயே செல்களைச் சிதைக்கும் வேதிப்பொருள்களான ஆக்சிஜனேற்றிகள் கோடானுகோடி உள்ளன. அவற்றைச் செயலிழக்கச் செய்யும் நொதிகளின் மரபணுக்களோ ஆளுக்கு ஆள் வேறுபடுகின்றன.

இவற்றுள் என்னை மிகவும் ஈர்ப்பது, செல்களுக்கு வெளியே இயங்கும் சூப்பர் ஆக்சைடு டிஸ்மியூட்டேஸ் என்னும் நொதி. அதன் அமினோ அமிலச் சங்கிலியின் 213ஆம் இடத்தில் ஆர்ஜினின் என்னும் அமினோ அமிலத்துக்குப் பதிலாகக் கிளைசின் அமைந்துவிட்டால், திசுக்களைப் பற்றியிருக்கும் அதன் பிடி தளர்ந்து, இரத்தத்தில் நொதியின் அளவு பன்மடங்கு உயர்கிறது. கோபன்ஹேகன் நகர மக்களிடம் நடந்த ஆய்வில், இம்மாற்றம் உடைய புகைபிடிப்போரிடம் இந்நோய் குறைவாகவே காணப்பட்டது. ஆனால் அதே மாற்றம் இதயநோய் அபாயத்தைக் கூட்டுவதாகவும் அங்கேயே தெரியவந்ததால், இதை வரம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

புகையின் நச்சுகளை முறிக்க உதவும் குளூட்டதயோன் டிரான்ஸ்ஃபரேஸ் நொதிகளுள் எம்1 வகைக்கான மரபணு ஐரோப்பியர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு அறவே இல்லை. இருப்பினும் அந்த இழப்பால் இந்நோயில் ஏற்படும் விளைவு குறித்த ஆய்வு முடிவுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாததால், அதை மட்டும் சோதித்து ஒருவரின் அபாயத்தைக் கணிக்க இயலாது.