11 ஆண்டு ஓடிய வாஷிங் மெஷின்

எங்கள் டாப் லோடு வாஷிங் மெஷினுக்கு இது 11ஆவது ஆண்டு; இதுவரை ஒரு பெல்ட்டையும் தண்ணீரை வெளியேற்ற உதவும் டிரெய்ன் மோட்டாரையும் மட்டுமே மாற்றியிருக்கிறோம். மோட்டாருக்குத் தரும் நீண்ட வாரண்டியை நான் பெரிதாக மதிப்பதில்லை, ஏனெனில் பெரும்பாலும் அதற்கு முன்பே தேய்பவை தொட்டியைத் தாங்கும் 4 சஸ்பென்ஷன் கம்பிகளும் அடியிலுள்ள பேரிங்கும்தான். காலித் தொட்டியைக் கையால் அழுத்தி விட்டால் ஓரிரு முறை ஆடி நின்றுவிட வேண்டும். ஊஞ்சல்போல ஆடிக்கொண்டே இருந்தால் கம்பிகள் தளர்ந்திருக்கக்கூடும். பிழியும்போது விமானம் கிளம்புவதுபோல் இரைச்சல் எழுந்தால், சீல் தேய்ந்து பேரிங்கிற்குள் தண்ணீர் இறங்கியிருக்கலாம், அந்தச் செலவு சிறியதல்ல. சென்ற மாதம் துவைக்கும்போது கடகடவென்று சத்தம் கேட்டதும், 'இத்துடன் முடிந்தது' என்றே எண்ணிவிட்டேன். தொட்டிக்குள் சுழலும் தட்டான பல்சேட்டரைக் கழற்றிப் பார்த்தால், அடியில் என் சட்டையின் பொத்தான் ஒன்று கிடந்தது.