சென்டர் ஸ்பீக்கரை மாற்றினேன், மைல்ஸ் டேவிஸ் நடுவில் வந்து நின்றார்

நேற்று ராத்திரி பதினொன்றரை மணிக்கு மைல்ஸ் டேவிஸின் ஜாஸ் ஆல்பம் 'கைண்ட் ஆஃப் ப்ளூ'வின் மல்டிசேனல் எஸ்.ஏ.சி.டி.யை, அதாவது முன்னும் பின்னும் பல ஸ்பீக்கர்களில் தனித்தனியாக ஒலிக்கும் உயர்தர டிஸ்க்கைப் போட்டேன். முதல் பாட்டு 'ஸோ வாட்' தொடங்கி ஒன்றரை நிமிடத்தில் ட்ரம்ஸ் வாசிக்கும் ஜிம்மி காப் சிம்பலில் ஓர் அடி அடிப்பார், மைல்ஸின் ட்ரம்பெட் தனியாகப் புறப்படும். அந்த ட்ரம்பெட் எனக்கு எதிரே, ஓர் ஆள் நிற்கும் இடத்தில் நின்றது. நான்கு மாதமாக இதற்காகத்தான் அலைந்தேன்.

சினிமா பார்க்கிறவர்களுக்கு சென்டர், அதாவது நடு ஸ்பீக்கர், என்றால் வசனம். 1959ல் கொலம்பியா ரெக்கார்ட் கம்பெனியின் 30வது தெரு ஸ்டுடியோவில் பதிவான ஜாஸுக்கு அப்படி இல்லை. இந்த ஆல்பம் மூன்று ட்ராக் டேப்பில் எடுத்தது. இடது பக்கம் கோல்ட்ரேனின் சாக்ஸபோன், வலது பக்கம் கேனன்பால் ஆடர்லியின் சாக்ஸபோன், நடுவில் மைல்ஸ். அதாவது ஆல்பத்தின் தலைவரே சென்டர் ஸ்பீக்கரில்தான் இருக்கிறார்.

என்னிடம் இருந்த சென்டரோ டி.வி.க்குக் கீழே படுத்திருக்கும் வகை, நடுவில் மேல் ஸ்தாயிக்கான ட்வீட்டர், இரண்டு பக்கமும் கீழ் ஸ்தாயிக்கான வூஃபர். இடது வலது ஸ்பீக்கர்கள் வேறு கம்பெனி. சாக்ஸபோன் இரண்டும் பளிச்சென்று கேட்க, ட்ரம்பெட் மட்டும் தொண்டை கட்டிய மாதிரி வந்தது. ஸ்பீக்கர்களை இயக்கும் ரிசீவரின் மைக்கை வைத்து, அறைக்கு ஏற்ப ஒலியைத் தானே சரிசெய்யும் ஆட்டோ செட்டப்பை ஆறு முறை ஓட்டினேன். ஸ்தாயிகளைக் கூட்டிக் குறைக்கும் ஈக்யூவில் மேல் ஸ்தாயியை ஏற்றினேன், இறக்கினேன். தலையை ஒரு சாண் நகர்த்தினால் குரலே மாறிவிடும். ஈக்யூவால் இதைச் சரிசெய்யவே முடியாது என்பது என் தீர்மானமான கருத்து. முன் ஸ்பீக்கர் மூன்றும் ஒரே மாடலாக, நிமிர்ந்து நிற்க வேண்டும்.

இடது வலது ஸ்பீக்கர்களின் மாடலிலேயே ஒன்று மட்டும் கேட்டு ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஏறி இறங்கினேன். "ஜோடியாத்தான் சார் வரும். ஒண்ண உடைச்சுக் குடுத்தா மிச்சத்த நான் யார்கிட்ட விக்கிறது?" என்றார் ஒரு கடைக்காரர். அவர் சொல்வதும் நியாயம்தான். ஜோடியாகவே வாங்கினேன், ஒன்று பெட்டியில் இருக்கிறது.

அப்புறம் தூரம். எஸ்.ஏ.சி.டி.யில் இருக்கும் டி.எஸ்.டி. வகை டிஜிட்டல் ஒலியை அப்படியே டைரக்டாக அனுப்பினால், கிட்டத்து ஸ்பீக்கரின் ஒலியைச் சற்றுத் தாமதப்படுத்தும் டிலே கணக்கு எதையும் என் ரிசீவர் போடாது. சாதாரண சி.டி.யில் இருக்கும் பி.சி.எம். வகையாக மாற்றினால்தான் போடும். புது சென்டர், மற்ற இரண்டையும் விட 40 செ.மீ. கிட்டத்தில் இருந்தது. ஒலி 34 செ.மீ. போக ஒரு மில்லிசெகண்ட் ஆகிறது. கேட்பதற்கு இது அற்பமாக இருக்கும், ஆனால் ட்ரம்பெட் ஒரு படி முன்னால் துருத்திக்கொண்டு நின்றது. டைரக்டை விட்டுக்கொடுக்க மனமில்லை. நாற்காலியில் தலை இருக்கும் இடத்தில் சணல் கயிற்றைக் கட்டி, 2.4 மீட்டரில் முடிச்சுப் போட்டு, கோலத்துக்கு வளைவு இழுப்பதுபோல் தரையில் சாக்பீஸால் வரைந்தேன். மூன்று ஸ்பீக்கரும் அந்தக் கோட்டில்தான் நிற்கின்றன. டி.வி. சுவரில் ஓர் அடி மேலே போய்விட்டது. மொசைக் தரையின் எதிரொலியை அடக்க பவானி ஜமக்காளம் விரித்திருக்கிறேன்.

கேட்கும்போது ஃபேனை அணைத்தே ஆக வேண்டும். அந்த ஸ்டுடியோ முன்பு தேவாலயமாக இருந்த கட்டடம். பின் சேனல்களில் எனக்குக் கேட்பது அந்தக் கூடத்தின் எதிரொலி மட்டும்தான். ஃபேன் சுற்றினால் முதலில் காணாமல் போவது அதுதான். "வேர்த்து ஊத்துதேடா, ஃபேனப் போடேன்" என்று அம்மா சொல்லிக்கொண்டே இருந்தாள். 'ப்ளூ இன் க்ரீன்' முடிந்ததும் போட்டேன்.

சுருதிக் காது உள்ளவர்களுக்கு ஒரு விஷயம். முதல் நாள் பதிவில் டேப் மெஷின் மெதுவாக ஓடியதால், எல்.பி.யின் முதல் பக்கம் பல வருஷம் சுருதி சற்று ஏறித்தான் ஒலித்தது. 1990களில்தான் திருத்தினார்கள். பழைய எல்.பி.யோடு தம்பூரா வைத்துப் பார்த்தவர்களுக்குப் புரியும்.

அடுத்து ஜாஸ் பியானோக்காரர் டேவ் புரூபெக்கின் 'டைம் அவுட்' ஆல்பம். அதுவும் 1959, அதே ஸ்டுடியோ. அதில் வரும் 'டேக் ஃபைவ்' ஐந்து எண்ணிக்கைத் தாளத்தில் போவதால் நம் வீட்டில் எல்லோரும் தொடையில் தாளம் போட்டுவிடுவார்கள். புரூபெக் 1958ல் மதராஸ் வந்து பழனி சுப்பிரமணிய பிள்ளையின் மிருதங்கத்தோடு வாசித்தவர். அதை நினைத்துக்கொண்டு கேட்டால் அந்த ஐந்து இன்னும் நெருக்கமாக இருக்கிறது.

அதற்குள் மனசு இன்னொரு ஜாஸ்காரர் ஹெர்பி ஹான்காக்கின் 'ஹெட் ஹன்டர்ஸ்' ஆல்பத்தின் மேல் போய்விட்டது. 1973, முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு என்று நான்கு ஸ்பீக்கரில் ஒலிக்கும் குவாட் பதிவுகளின் காலம். பின்னால் வாத்தியங்களே வரும் என்பதால் இப்போதைய சின்னப் பின் ஸ்பீக்கர்கள் தாங்காது. கோவையில் ஒருவரிடம் என் மாடலில் ஒற்றை ஸ்பீக்கர் இருக்கிறதாம். பெட்டியில் இருப்பதற்கு அது ஜோடி. கறுப்பா, வால்நட்டா என்று கேட்டிருக்கிறேன். வால்நட்டாக இருந்தாலும் வாங்கிவிடுவேன்.