மைனிக்கு வந்த சம்மன்

தக்கலைப் பக்கம் புட்டுக்கடை நடத்தும் என் மைனிக்குப் பத்மநாபபுரம் முன்சீப் கோர்ட்டிலிருந்து சம்மன் வந்தது. கடைக்கு ஃபிரிட்ஜும் கிரைண்டரும் வாங்க ஒரு ஃபைனான்ஸில் எடுத்த கடன். அண்ணனுக்கு ஆபரேஷன் நடந்த வருடம் தவணை தடைப்பட்டது. இப்போது பாக்கி முழுவதையும் வட்டியோடு கேட்டு வழக்கு.

"கையெழுத்துப் போட்டு வாங்காமலே விட்டிருக்கலாமே" என்றார் பக்கத்துக் கடைக்காரர். இந்த யோசனையைக் கேட்டாலே எனக்குக் கோபம் வருகிறது. வாங்க மறுத்தாலும் சம்மன் சேர்ந்ததாகவே கோர்ட் எடுத்துக்கொள்ளலாம். நாம் போகாவிட்டால் எக்ஸ்பார்ட்டி. நம் பக்கத்தைக் கேட்க ஆளில்லாமலே தீர்ப்பாகி, அப்புறம் ஜப்தி வரை போகும்.

சாதாரண சிவில் வழக்கில் சம்மன் கிடைத்த 30 நாளுக்குள் பதில் மனு போட வேண்டும். காரணம் சொன்னால் கோர்ட் 90 நாள் வரை அனுமதிக்கலாம். சீக்கிரமாக முடிக்கும் சுருக்க விசாரணை வழக்கு என்றால் 10 நாளுக்குள் ஆஜராக வேண்டும். அதனால் சம்மனை முதலில் முழுசாகப் படியுங்கள். வக்கீலுக்குப் பணமில்லை என்று மைனி தயங்கினாள். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு, 1987ஆம் வருடச் சட்டம் அது. கோர்ட்டில் இருக்கும் வட்ட சட்டப் பணிகள் குழுவில் மனு கொடுத்தோம். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம்.

வக்கீலம்மா முதலில் கேட்டது ரசீதுகளை. கலெக்‌ஷன் பையன் கைமெஷினில் அடித்துத் தந்த துண்டுச் சீட்டுகளை மைனி ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருந்தாள். பாதிச் சீட்டில் எழுத்தே மங்கிப்போயிருந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து, தேதியையும் தொகையையும் நோட்டில் எழுதினோம். ஜிபேயில் போட்டதற்கு பேங்க் ஸ்டேட்மெண்ட் எடுத்தோம். பிராதோடு, அதாவது ஃபைனான்ஸ்காரர்களின் வழக்கு மனுவோடு, வந்த கணக்கில் இவற்றில் பல தவணைகள் வரவே வைக்கப்படவில்லை.

"எல்லாம் பொய்" என்று ஒரே வரியில் எழுதினால் போதாதாம். பத்தி பத்தியாக மறுக்க வேண்டும். மறுக்காமல் விட்டதை ஒப்புக்கொண்டதாகவே எடுத்துக்கொள்வார்கள்.

இதற்கிடையில் ஒருநாள் சாயங்காலம் கலெக்‌ஷன்காரர் கடைக்கு வந்தார். "அக்கா, ஒரு ஆயிரம் மட்டும் போட்டு, இதில ஒரு கையெழுத்து போடுங்க, கேஸைப் பார்த்துக்கலாம்." நல்லவேளை, மைனி போடவில்லை. கடன் பாக்கிக்குப் பொதுவாக 3 வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும். மைனியின் சில தவணைகள் அந்தக் கெடுவைத் தாண்டியிருந்தன. பாக்கியைத் தருகிறேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால், கெடு முடிந்த கடனுக்கும் அது புது வாக்குறுதி ஆகிவிடும்.

பதில் மனு போட்டாயிற்று. இப்போது எதிர்த்தரப்பு வக்கீல் லோக் அதாலத்தில், அதாவது மக்கள் நீதிமன்றத்தில் சமரசமாக, முடிக்கலாம் என்கிறார். அங்கே முடிந்தால் அப்பீல் கிடையாது, அதனால் கணக்கு நேராகாமல் கையெழுத்து இல்லை என்று சொல்லிவிட்டோம். "வாங்கினது நான்தான், கொடுக்கேன். நான் கட்டினதைக் கழிச்சிட்டு மிச்சத்தச் சொல்லச் சொல்லு மக்களே" என்கிறாள் மைனி. அடுத்த வாய்தாவுக்கு அந்த நோட்டோடு போகிறோம்.