ஹம்பியா, கோகர்ணமா? பதினொரு வயது மகளோடு இரண்டும்

விடுமுறைக்கு எங்கே போகலாம் என்று பேச்சு எடுத்ததுமே வீட்டில் இரண்டு கட்சி. மகளுக்குப் பதினொரு வயது. கோகர்ணத்துக் கடல் இருந்தால் போதும், வேறு எதுவும் வேண்டாம் என்றாள். நானும் என் கணவரும் ஹம்பி, ஹம்பி என்று பல வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். விஜயநகர ராஜாக்களின் பழைய தலைநகரம் அது. சொந்தக்காரர்கள் மொத்தப் பேரும் அவள் பக்கம். "இடிஞ்ச கல்லைப் பார்க்கவா பிள்ளையைக் கூட்டிட்டுப் போற? வெயில்ல வாடிடும்டி" என்றாள் என் அக்கா. நேற்றுதான் திரும்பினோம். அடித்துச் சொல்கிறேன், இந்த வயதுப் பிள்ளைகளுக்கு வரலாறு சலிக்கும் என்பது பெரியவர்கள் கட்டிவிட்ட கதை. ராஜாக்கள் பெயரை ஒருவர் ஒப்பிக்க, வெயிலில் நின்று கேள் என்று சொன்னால் யாருக்கும்தான் சலிக்கும்.

இரண்டும் கர்நாடகத்தில்தான் இருக்கின்றன, நடுவில் ஏறக்குறைய 300 கிலோமீட்டர். அதனால் முதலில் ஹம்பி, அப்புறம் கோகர்ணம் என்று முடிவு செய்தோம். செலவுக் கணக்கையும் ஒழுங்காக எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் அந்தக் கல் தேரைப் பற்றிச் சொல்லாமல் எனக்கு வேறு எதுவும் ஓடாது.

ஹம்பிக்குப் பக்கத்து ஊரான ஹொசபேட்டையில் தங்கிக்கொண்டு காலையிலேயே கிளம்பி, முதல் வேலையாகக் கல் தேர் இருக்கிற விட்டலர் கோயிலுக்குப் போய்விட்டோம். வாகனம் நிறுத்தும் இடத்திலிருந்து பேட்டரி வண்டி. உள்ளே நுழைந்ததும் மகள் ஒரு 50 ரூபாய்த் தாளை எடுத்துத் திருப்பிப் பிடித்துத் தேரோடு ஒப்பிட ஆரம்பித்தாள். 2017இல் வந்த நோட்டின் பின்பக்கத்தில் இருப்பது இதே தேர்தான். நான் ஒன்றே ஒன்று கேட்டேன்: "முன்னாடி நிற்கிற இந்த ரெண்டு யானையும் முதல்ல இங்க இல்ல. எப்படிக் கண்டுபிடிப்ப?" சுற்றிச் சுற்றி வந்தாள், குனிந்தாள். கொஞ்ச நேரத்தில் ஒரே கத்தல். "அம்மா, இங்க பாருங்க, குதிரையோட பின்னங்கால்!" உண்மைதான். யானைகளுக்குப் பின்னால் உடைந்துபோன குதிரைகளின் பின்னங்கால்கள் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. யானைகள் பிறகு கொண்டுவந்து வைக்கப்பட்டவை. 1856இல் அலெக்சாண்டர் கிரீன்லா என்ற ஆங்கிலேய அதிகாரி எடுத்த புகைப்படத்தை என் போனில் காட்டினேன். அதில் தேருக்கு மேலே செங்கல் கோபுரம் ஒன்று இருக்கிறது. இப்போது இல்லை. அவ்வளவுதான், நாங்கள் கூப்பிடக் கூப்பிட அவள் வரவில்லை. என்னென்ன காணாமல் போயிருக்கிறது என்று ஒரு பட்டியலே போட்டுவிட்டாள்.

அதே கோயிலில் தட்டினால் இசை எழுப்பும் தூண்கள் இருக்கின்றன. அவற்றைத் தட்டிப் பார்க்க முடியாது, தடை. அதில் அவளுக்கு வருத்தம். எனக்கு இல்லை. வருகிறவர்கள் எல்லாரும் தட்டிக்கொண்டே இருந்தால் தூண் என்ன ஆகும்?

அரச வளாகத்தில் ஒரு படிக்குளம் இருக்கிறது. 1980களில் மண்ணுக்கு அடியிலிருந்து தோண்டி எடுத்தது. கறுப்புக் கல்லில், அளவெடுத்து வெட்டிய படிகள். ஒவ்வொரு கல்லும் எந்தத் திசை, எந்த வரிசை என்று அந்தக் காலத்துச் சிற்பிகள் அடையாளம் பொறித்திருக்கிறார்கள். வேறு இடத்தில் செதுக்கி இங்கே கொண்டுவந்து பொருத்தியிருக்கிறார்கள். கல்லாலான வாய்க்கால் ஒன்று தூரத்திலிருந்து இந்தக் குளத்துக்குத் தண்ணீர் கொண்டுவந்திருக்கிறது. அந்த வாய்க்கால் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும் என்று வெயிலில் எங்களை இழுத்துக்கொண்டு நடந்தவள் யார்? வாடிவிடும் என்று அக்கா சொன்ன அதே பிள்ளை.

இப்போது ஆட்டோ விஷயம். ஹொசபேட்டையில் பேசியது நாள் முழுக்க 1,200 ரூபாய், எல்லா இடமும் சேர்த்து. மதியம் தாமரை மாளிகையும் யானைக் கொட்டாரமும் பார்த்துவிட்டு வெளியே வந்தால், "மேடம், விட்டலா டெம்பிள் தனி ரூட், 600 எக்ஸ்ட்ரா" என்கிறார். காலையில் போய் வந்த இடத்துக்கு மதியம் கணக்கு! பிள்ளையை வைத்துக்கொண்டு நடு வெயிலில் சண்டை போடமாட்டார்கள் என்ற தைரியம். நான் போட்டேன். கடைசியில் 200 கொடுத்துத் தொலைத்தோம். அந்த 200 இன்னும் எரிகிறது. நீங்கள் போனால், போகிற இடங்களின் பெயரைத் தாளில் எழுதி, மொத்தத் தொகையையும் எழுதி, ஏறுவதற்கு முன்பே காட்டிவிடுங்கள்.

இத்தனைக்கும் ஹம்பி செலவு வைக்கிற ஊரே இல்லை. நுழைவுச்சீட்டு பெரியவர்களுக்கு 40 ரூபாய், 15 வயதுக்குக் கீழே இலவசம். விட்டலர் கோயில், தாமரை மாளிகை இருக்கிற அந்தப்புர வளாகம், கமலாபுரம் அருங்காட்சியகம் மூன்றுக்கும் அன்றைக்கு அதே சீட்டு செல்லும். அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை, அதையும் கவனித்துக்கொள்ளுங்கள்.

எரிச்சலை ஆற்றியது சாப்பாடு. ஹொசபேட்டையில் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மெஸ். சுடச்சுடச் சோள ரொட்டி, எண்ணெய் மிதக்கும் கத்திரிக்காய், நிலக்கடலைப் பொடியில் தயிர் ஊற்றிக் குழைத்தது, பச்சை வெங்காயம். மூன்று பேரும் வயிறு முட்டச் சாப்பிட்டும் 300 ரூபாயைத் தாண்டவில்லை. கத்திரிக்காய் என்றாலே மூஞ்சியைத் திருப்புகிற மகள் இரண்டாம் தடவை கேட்டு வாங்கினாள்.

சாயங்காலம் விரூபாக்ஷர் கோயில். ராஜகோபுரத்தின் நிழல் உள்ளே ஒரு இருட்டு அறையின் சுவரில் தலைகீழாக விழுகிறது. சின்னத் துவாரம் வழியாக வெளிச்சம் வருவதால் இப்படி. ஊசித்துளைக் கேமரா பள்ளிக்கூடப் பாடத்தில் வந்ததாம், எங்களுக்கு அவள்தான் வகுப்பு எடுத்தாள். 1565இல் தலைக்கோட்டைப் போரில் விஜயநகரம் தோற்ற பிறகு நகரமே சூறையாடப்பட்டும் இந்தக் கோயிலில் இன்றைக்கும் பூஜை நடக்கிறது. மற்ற கோயில்களில் ஏன் பூஜை நடக்கவில்லை என்று கேட்டாள். இரவு தூங்கும்வரை அதே பேச்சு.

கோகர்ணத்துக்குத் தனியார் இரவுப் பேருந்து. ஏசி ஸ்லீப்பர் என்று ஒருவருக்கு 1,100 வாங்கினார்கள். ஏசியில் காற்று மட்டும் வந்தது, குளிர் வரவில்லை. எங்கள் பெர்த்தின் திரைக்குக் கொக்கி கிடையாது. எல்லாப்பூர் தாண்டி அரபைல் மலைப்பாதையில் வளைவுக்கு வளைவு பிள்ளை வாந்தி எடுக்க, கிளீனரிடம் பை கேட்டால் இல்லை என்கிறார். விடியும் முன்பே, கோகர்ணம் வராமலேயே, அங்கோலா நெடுஞ்சாலையில் இறக்கிவிட்டார்கள். "இங்கிருந்து லோக்கல் பஸ் இருக்கு" என்று ஒரு வார்த்தை. டிக்கெட்டில் கோகர்ணம் என்றுதான் அச்சடித்திருந்தது. குழந்தையோடு போகிறவர்கள் தயவுசெய்து பகலில் போங்கள். ஹொசபேட்டையிலிருந்து ஹூப்ளி வரை ரயில், அங்கிருந்து அரசுப் பேருந்து. கொஞ்சம் அலைச்சல்தான், ஆனால் பிள்ளை மலைப்பாதையைக் கண்ணால் பார்க்கலாம், பாதிப் பணம் மிச்சம். கர்நாடக அரசுப் பேருந்தில் பெண்களுக்கு இலவசம் என்று கேள்விப்பட்டு நம்பிப் போகாதீர்கள், அந்த மாநில முகவரிச் சான்று இருப்பவர்களுக்குத்தான்.

கடலைப் பற்றி நான் குறைவாகச் சொன்னால் மகள் சண்டைக்கு வருவாள். குட்லே கடற்கரை அருமை. மணல் அகலமாக இருக்கிறது, சாப்பாட்டுக் கடைகள் பக்கத்திலேயே. ஓம் கடற்கரை படத்தில் அழகு, நேரிலும் அழகு, ஆனால் பாறைகள் அதிகம், அலையின் இழுப்பும் இருக்கிறது. உயிர்காப்பாளர் விசில் அடித்தால் உடனே கரையேறுங்கள். குட்லேயிலிருந்து ஓம் வரை மேட்டுப்பாதையில் நடந்தே போகலாம். அவள் முன்னால் ஓட, நாங்கள் மூச்சு வாங்கிப் பின்னால் போனோம். ஊருக்குள் இருக்கும் மகாபலேசுவரர் கோயில் அப்பரும் சம்பந்தரும் பாடிய திருக்கோகர்ணம். துளு நாட்டில் பாடல் பெற்ற தலம் இது ஒன்றுதான். கடலுக்கு வந்த இடத்தில் தேவாரமும் கிடைத்தது என்று என் கணவருக்கு ஏக சந்தோஷம்.

வரிசை மட்டும் மாற்றாதீர்கள். முதலில் ஹம்பி, பிறகு கடல். அலையில் ஊறிய பிள்ளையை மறுநாள் பாறை மேல் ஏற்ற யாராலும் முடியாது. நவம்பரிலிருந்து பிப்ரவரிக்குள் போங்கள். மார்ச் பிறந்தால் ஹம்பிப் பாறைகள் சூடேறிவிடும், மழைக்காலத்தில் கோகர்ணக் கடலில் இறங்கவே கூடாது. திரும்பும்போது கோகர்ணா ரோடு நிலையத்தில் ரயில் ஏறி மங்களூர் வந்துவிடலாம். நிலையம் ஊரிலிருந்து தள்ளி இருக்கிறது, ஆட்டோ கூலியை முதல் நாளே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.