மண்ணுக்குள் குதிரைப் பல்

மூன்று வருஷம் ஆசையாக வளர்த்த செடி செத்துப்போனது. அது பிறந்த மண்ணைப் பார்த்துவிட வேண்டும் என்று அப்போதுதான் தோன்றியது. செடியின் பெயர் ஹாவொர்தியா ட்ரங்கட்டா. தென்னாப்பிரிக்காவில் லிட்டில் கரூ என்ற வறண்ட பள்ளத்தாக்கைத் தவிர வேறெங்கும் தானாக வளராது. நம் சோற்றுக்கற்றாழைக்கு ஒன்றுவிட்ட சொந்தம்தான். ஆனால் இலை நுனி கூர்மையாக இருக்காது, கத்தியால் நறுக்கியதுபோல் மொட்டையாக இருக்கும். அப்படிப்பட்ட இலைகள் இரண்டு வரிசையாக, விசிறி மாதிரி விரிந்து நிற்கும்.

அந்த விசிறி முழுசாகத் தெரிய வேண்டும் என்பது என் ஆசை. செடியோ தொட்டி மண்ணுக்குள் இறங்கிக்கொண்டே இருந்தது. தண்ணீர் பட்டு மண் அமுங்குகிறது என்று நினைத்து, ஒவ்வொரு முறையும் தோண்டியெடுத்து உயர்த்தி நட்டேன். மூன்றாம் முறை வேர்கள் அறுந்தன. நட்ட கையோடு தண்ணீரும் விட்டேன். பத்தே நாளில் அடி அழுகி, தொட்டதும் இலைகள் கழன்று வந்தன.

ஒரு செப்டம்பரில் கேப் டவுனிலிருந்து கிளம்பினோம். ஆர் 62 சாலையில் மொண்டகு, பாரிடேல், லேடிஸ்மித் தாண்டி, ஹூய்ஸ்ரிவியர் கணவாயின் வளைவுகளில் இறங்கினால் காலிட்ஸ்டார்ப். இன்னும் கிழக்கே போனால் தீக்கோழிப் பண்ணைகளுக்குப் பேர்போன அவுட்ஸ்ஹோர்ன். வடக்கே ஸ்வார்ட்பெர்க் மலைத்தொடர் கூடவே வருகிறது. இந்தப் பக்கம் வருஷம் முழுக்கப் பெய்யும் மழை பெரும்பாலும் 300 மில்லிமீட்டரைக்கூட எட்டாது.

வழிகாட்ட ஒரு பெரியவர் வந்தார். பக்கத்துப் பண்ணைக்காரர். அங்கே வயதானவர்களை ‘ஊம்’ என்று கூப்பிடுகிறார்கள், நாம் மாமா என்று சொல்வதைப்போல. வண்டியை விட்டு இறங்குவதற்கு முன்பே, “செல்போனில் இடம் காட்டும் வசதியை அணைத்துவிடுங்கள்” என்றார். 2019க்குப் பிறகு இந்த நாட்டின் சதைச்செடிகளைத் தோண்டிக் கடத்துவது பெருகிவிட்டது. ஒரு படத்தில் ஒட்டியிருக்கும் இடக்குறிப்பு போதும், ஒரு சரிவையே காலி செய்துவிடுவார்கள். உடனே அணைத்துவிட்டேன். அந்த இடம் எங்கே என்று இங்கேயும் எழுதப் போவதில்லை.

சரளைச் சரிவில் கால்மணி நேரம் தேடினேன். கண்ணுக்கு எதுவும் அகப்படவில்லை. “காலை வைக்காதீர்கள்!” என்றார் ஊம். நான் மிதிக்கப்போன இடத்தில், ஒரு ஸ்பெக்பூம் புதரின் நிழலில், தரையோடு தரையாக ஏழெட்டுச் சாம்பல் திட்டுகள். புதைந்து கிடக்கும் தாடையில் பற்கள் மட்டும் வெளியே தெரிவதைப்போல. அங்கே இதைக் குதிரைப் பல் என்றுதான் சொல்கிறார்கள், பெர்டெடாண்டெ என்று.

மண்டியிட்டுக் குனிந்து, விரலில் கொஞ்சம் தண்ணீர் தொட்டு ஒரு பல்லின் மேல் புழுதியைத் துடைத்தேன். சொரசொரப்பான சின்னச் சின்னப் புள்ளிகள், அவற்றுக்கு நடுவே கண்ணாடி மாதிரி மங்கலாக ஒரு பளபளப்பு. அதுதான் ஜன்னல். வெயில் அதன் வழியாக இறங்கி, இலைக்குள் தண்ணீர் தேங்கியிருக்கும் தெளிந்த சதையைக் கடந்து, மண்ணுக்கடியில் இருக்கும் இலையின் பச்சைச் சுவரைப் போய்ச் சேர்கிறது. செடி தன் இலைத் துளைகளைப் பகலில் மூடி வைத்திருந்து, ராத்திரி குளிர்ந்த பிறகுதான் திறந்து கரியமில வாயுவை வாங்கிக்கொள்கிறது. தண்டு என்று ஒன்று உண்டு, குட்டையாக, முழுக்க மண்ணுக்குள்.

அப்புறம் ஊம் காட்டியதைத்தான் மறக்கவே முடியாது. ஓடைக்கரையில் மழைத்தண்ணீர் மண்ணை அரித்ததில் ஒரு செடியின் வேர்கள் வெளியே தெரிந்தன. தண்ணீர்விட்டான் கிழங்கு மாதிரி சதைப்பற்றான வேர்கள். தண்டோடு சேரும் இடத்தில், மண்புழுவின் உடம்பைப்போல வரிவரியாகச் சுருக்கம். “இதுதான் இழுக்கும் கயிறு” என்றார். வேரின் செல்கள் பக்கவாட்டில் பருத்து நீளவாக்கில் குறுகும்போது, செடி மொத்தமும் கீழே இழுக்கப்படுகிறது. வெயில் கொளுத்தும் காலத்தில் உள்ளே போய் ஒளிந்துகொள்ள அதற்கு இதைவிட வேறு வழியில்லை.

என் வீட்டில் மண் அமுங்கவே இல்லை. செடிதான் தன் வீட்டுக்குள் போக முயன்றிருக்கிறது, நான் வெளியே இழுத்துப் போட்டிருக்கிறேன். அந்தச் சுருக்கங்களைப் பார்த்துக்கொண்டு நெடுநேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். ஊம் எதுவும் கேட்கவில்லை. மண்ணை அள்ளி வேர்களை மூடி, மேலே இரண்டு கல்லை அண்டக் கொடுத்துவிட்டு எழுந்தார்.

ஜப்பானில் இதையே தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கியெடுத்து, ஜன்னலில் வெள்ளைக் கோலம் ஓடும் வகைகளை உருவாக்கியிருக்கிறார்கள். கியோகுசென், அதாவது மணிவிசிறி என்று பெயர். அழகுதான். ஆனால் எனக்கு அந்தப் புதரடியில் புழுதி மூடிக் கிடந்ததுதான் பிடித்திருக்கிறது.

ஊருக்கு வந்து, விதையிலிருந்து வளர்த்த கன்று ஒன்றை வாங்கினேன். இந்த முறை அகலத் தொட்டி வேண்டாம், ஆழமான மண்தொட்டி. எரிமலைக் கல்லும் பொடிச் சரளையும் முக்கால் பங்கு, மீதிதான் மண். காலை வெயில் மட்டும். குச்சியைக் குத்திப் பார்த்து அடிவரை காய்ந்திருந்தால்தான் தண்ணீர், கோடை உச்சத்தில் அதுவும் குறைவு. செடி இறங்கினால் இறங்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

போன வருஷம் தொட்டி மாற்றும்போது ஒரு வேர் தண்டின் துணுக்கோடு கழன்று வந்தது. தூக்கிப் போட மனசு வரவில்லை. தலைப்பக்கம் கொஞ்சம் வெளியே தெரியும்படி சரளையில் நட்டு, நிழலில் வைத்தேன். பல மாதம் ஒன்றுமே இல்லை. நேற்று காலை பார்க்கிறேன், வேரின் உச்சியில் அரிசி அளவுக்கு ஒரு சாம்பல் பச்சை முளை. அதற்குள்ளேயே நுனி மொட்டையாக இருக்கிறது.