இரண்டு கயிறு

தம்பிக்கு 24 வயது. ஆட்டிசம் உண்டு. ஒடுகத்தூர் பக்கம், ஜவ்வாது மலை அடிவாரத்தில் எங்கள் கழனி. ஆட்டுப்பட்டியை அவன்தான் பார்த்துக்கொள்கிறான்.

காலையில் நீலத் தொட்டியைக் கழுவித் தண்ணீர் நிரப்புவான். அப்புறம் ஒவ்வொரு முதுகாகத் தொட்டு எண்ணுவான். கணக்குச் சரியாக இருந்தால்தான் படலைத் திறப்பான். ஆடுகளுக்கும் இந்த வரிசை பழகிவிட்டது. தொட்டியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டதும் எழுந்து படலுக்கு வந்துவிடும்.

போன வருஷம் தை மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. அப்பா விடியுமுன்னே இரண்டு கிடாயைப் பொய்கைச் சந்தைக்கு ஓட்டிப்போய்விட்டார். தம்பியிடம் யாரும் சொல்லவில்லை. எண்ணினான், 29. திரும்ப எண்ணினான், 29. படலைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டான். வெயில் ஏறி ஆடுகள் கத்த ஆரம்பித்தன. "வித்தாச்சுப்பா" என்று அம்மா எத்தனை தடவை சொல்லியும் கை விடவில்லை. அவன் விரல்கள் வெளுத்துப்போயிருந்ததை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை.

மதியம் அப்பா வந்தார். தோளில் கிடாய்களின் இரண்டு கயிறு. தம்பி அதை வாங்கி முடிச்சைத் தடவிப் பார்த்தான், ஆணியில் மாட்டினான், படலைத் திறந்தான்.

இப்போதெல்லாம் விற்கப்போகும் ஆட்டைத் திங்கள் சாயங்காலமே வேப்பமரத்தில் கட்டிவிடுகிறோம். சுவரில் எழுதியிருக்கும் எண்ணை அவனே அழித்துப் புது எண்ணை எழுதுவான். கயிறு கட்டாயம் வீட்டுக்குத் திரும்பி வரவேண்டும்.

அவனுக்காக நாங்கள் வளைந்துகொடுக்கிறோம் என்று ஊரில் நினைக்கிறார்கள். ஐப்பசி மழையில் ஈரத்தழை மேய்ந்துவந்த ஒரு நாள், எல்லாம் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தன. "அக்கா, கருப்பி வாய் நிக்குது" என்றான். போய்ப் பார்த்தேன். கருப்பிக்கு இடது விலா உப்பி, தட்டினால் மத்தளம் மாதிரி கேட்டது. கால்நடை மருத்துவ உதவி எண் 1962க்குப் போன் போட்டு மருத்துவரை வரவழைத்தோம், பிழைத்துக்கொண்டது. தினமும் அத்தனை வாயும் அசைவதை உட்கார்ந்து பார்க்கிறவன் அவன் ஒருவன்தான். எங்கள் யாருக்கும் அது கண்ணில் பட்டிருக்காது.

கருப்பி இப்போது சினை. 150 நாள் கணக்கு என்று அப்பா சொன்னதிலிருந்து தினம் ஒரு கோடு போடுகிறான். இன்றைக்கு 131. சாக்பீஸ் தீரப்போகிறது, அதே வெள்ளைதான் வேண்டும். இருட்டுவதற்குள் கடைக்குப் போய்வர வேண்டும்.