சிவப்புப் பேனா

எம்.எஸ்.டபிள்யூ, அதாவது சமூகப் பணி முதுகலைப் படிப்பு, முதலாம் ஆண்டில் எனக்கு ஃபீல்டு வொர்க் (களப்பணி) கண்ணகி நகரில், வாரத்துக்கு இரண்டு நாள். சென்னைக்குள் இருந்த குடிசைப் பகுதிகளைக் காலி செய்து, அங்கிருந்தவர்களை ஊருக்கு வெளியே ஒக்கியம் துரைப்பாக்கத்தில் கொண்டுபோய்க் குடிவைத்த இடம். அங்கே ஒரு அக்கா, வீட்டு வாசலில் உட்கார்ந்து பூ கட்டிக்கொண்டே சொன்னார், "இங்க வந்தது ஒரு வகையில நல்லதாப் போச்சும்மா, கதவு வெச்ச கக்கூஸ் இருக்குல்ல." அதை அப்படியே ரெக்கார்டில், அதாவது களப்பணி நோட்டில், எழுதினேன். மார்க் போடுகிற சாரிடமிருந்து நோட்டு திரும்பி வந்தபோது அந்த வரிக்கு அடியில் சிவப்புக் கோடு, ஓரத்தில் "ஃபால்ஸ் கான்ஷியஸ்னஸ்?" என்று ஒரு கேள்விக்குறி. தன்னைச் சுரண்டுகிறார்கள் என்பதே தனக்குப் புரியாதவர் என்று அர்த்தம். பத்துக்கு நாலு.

வெளியேற்றம் பற்றி அந்த சார் வகுப்பில் சொன்னதெல்லாம் எனக்கும் உடன்பாடுதான், இன்றைக்கும்தான். அந்த அக்காவே நகரத்துக்குள் செய்துகொண்டிருந்த நாலு வீட்டு வேலை போய்விட்டது, பஸ்ஸுக்கே பாதி சம்பளம் போகும் என்று விட்டுவிட்டார். அதையும் அடுத்த பக்கத்தில் எழுதியிருந்தேன். அந்தப் பக்கத்துக்கு ஒரு டிக். ஆக, அவர் சொன்ன இரண்டில் ஒன்று சமூகப் பணி, இன்னொன்று அறியாமை. இதை யார் முடிவு செய்தது? அந்த அக்கா இல்லை.

சார் இடதுசாரி, அதனால் அப்படி என்று முடித்துவிட முடியாது. அதே துறையில் இன்னொரு மேடம், "கேஸ் ஷீட்டில் சாதி எழுதாதீங்க, நமக்கு எல்லாரும் சமம்" என்பார். ரூரல் கேம்ப் போன ஊரில் ஊருக்கு ஒரு சுடுகாடு, காலனிக்கு ஒரு சுடுகாடு. எங்கள் குழு அறிக்கையில் "மக்களிடையே ஒற்றுமை நிலவுகிறது" என்று எழுதி நல்ல மார்க் வாங்கினோம். சாரின் அரசியலாவது சிவப்பு மையில் கண்ணுக்குத் தெரிந்தது. மேடத்தின் அரசியலுக்கு நடுநிலை என்று பெயர்.

இதெல்லாம் நம்ம ஊர் வியாதி என்றுதான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன், அப்புறம்தான் வெளிநாட்டு வழக்குகளைப் படிக்க ஆரம்பித்தேன். அமெரிக்காவில் மிசௌரி ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் எமிலி புரூக்கர் என்ற மாணவி. ஒருபாலினத் தம்பதிகள் குழந்தைகளைத் தத்தெடுப்பதை ஆதரித்து மாநிலச் சட்டமன்றத்துக்கு ஒரு கடிதம், அதில் மாணவர்கள் கையெழுத்திட வேண்டும், அதுவும் பாடத்தின் பகுதி. தன் மத நம்பிக்கைக்கு ஒத்துவராது என்று அவர் கையெழுத்துப் போடவில்லை. அவர் மேல் புகார் எழுந்து, ஒரு குழுவின் முன்னால் உட்காரவைத்து இரண்டரை மணி நேரம் விசாரித்திருக்கிறார்கள். 2006-இல் வழக்குப் போட்டார், கொஞ்ச நாளிலேயே பல்கலைக்கழகம் சமரசத்துக்கு வந்து அவர் மேல் இருந்த புகாரை நீக்கியது. பிறகு வெளியிலிருந்து ஆட்களை அழைத்து அந்தத் துறையையே ஆய்வு செய்யச் சொன்னார்கள், துறையின் நிலை படுமோசம் என்று அறிக்கை வந்தது. அந்தத் தம்பதிகளுக்குத் தத்தெடுக்கும் உரிமை வேண்டும் என்பதுதான் என் கருத்தும். ஆனால் மார்க்குக்காக என்னிடம் அந்தக் கடிதத்தை நீட்டியிருந்தால் நானே பேனாவைத் தொட்டிருக்க மாட்டேன்.

இங்கிலாந்தில் ஃபெலிக்ஸ் ன்கோலே, ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்தில் சமூகப் பணி முதுகலை மாணவர். 2015-இல் ஃபேஸ்புக்கில் ஒரு செய்திக்குக் கீழே, ஒருபாலுறவு பாவம் என்று பைபிள் வசனத்தோடு எழுதினார். இந்தத் தொழிலுக்குத் தகுதியில்லை என்று 2016-இல் படிப்பிலிருந்து நீக்கினார்கள். உயர் நீதிமன்றத்தில் தோற்று, 2019-இல் மேல்முறையீட்டில் ஜெயித்தார். நீதிபதிகள் பார்த்த விஷயம் எளிமையானது: ஒருவர் ஒன்றை நம்புகிறார் என்பதாலேயே, தன்னிடம் வருபவரிடம் பாகுபாடு காட்டுவார் என்று ஆகிவிடாது. அவர் யாரிடமும் அப்படி நடந்துகொண்டதாக ஆதாரமே இல்லை. புதிய குழு வைத்து மறுபடி விசாரியுங்கள் என்றார்கள்.

எனக்கு உடனே நினைவுக்கு வந்தது இன்னொரு ஃபெலிக்ஸ். ஃபெலிக்ஸ் பீஸ்டெக். எம்.எஸ்.டபிள்யூ படித்த யாரைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் கேஸ் வொர்க்கின், அதாவது தனி ஒருவரோடு உட்கார்ந்து உதவும் முறையின், ஏழு கோட்பாடுகளை ஒப்பிப்பார்கள்: எதிரில் இருப்பவரைத் தீர்ப்பிடாதே, தன் முடிவைத் தானே எடுக்க விடு என்று போகும். 1957-இல் இதை எழுதியவர் ஒரு கத்தோலிக்கப் பாதிரியார், ஏசு சபைக்காரர். அவர் மனதுக்குள் எதையெல்லாம் பாவமாக நினைத்தார் என்று யாரும் தேர்வு வைக்கவில்லை, நல்லவேளை.

சரி, அப்போ இந்தப் படிப்பில் அரசியலே கூடாதா? அது நடக்கிற காரியமா! 2014-இல் உலக அளவில் ஏற்றுக்கொண்ட சமூகப் பணி வரையறையிலேயே சமூக நீதி, மனித உரிமை, விடுதலை எல்லாம் இருக்கின்றன. விடுதலை என்று எழுதிவைத்துவிட்டு அரசியல் வேண்டாம் என்றால் எப்படி? 1936-இல் சமூகப் பணிப் பள்ளியாகத் தொடங்கியதுதான் மும்பை டாட்டா சமூக அறிவியல் நிறுவனம். அங்கே 2024-இல் ஒரு தலித் ஆராய்ச்சி மாணவரை இரண்டு வருடம் இடைநீக்கம் செய்தார்கள், டெல்லியில் அரசை எதிர்த்து நடந்த போராட்டத்தில் கலந்துகொண்டதும் காரணங்களில் ஒன்று. உச்ச நீதிமன்றம் வரை போய் 2025 மே மாதம்தான் அந்தத் தண்டனை குறைந்தது. மிசௌரி கதையைப் பகிர்ந்து கொதிக்கிறவர்கள் இதற்கும் கொதித்தால் சந்தோஷம்.

ஷெஃபீல்டு மாணவருக்கு மேல்முறையீடு என்று ஒன்றாவது இருந்தது. நம்மிடம் வக்கீலுக்கும் டாக்டருக்கும் இருப்பதுபோல் சமூகப் பணியாளருக்கென்றே சட்டப்படி தனியாக ஒரு கவுன்சில் கிடையாது. இன்டர்னல் மார்க், அதைப் போடுகிற ஒரு பேனா, அவ்வளவுதான். பத்துக்கு நாலு வந்தபோது நான் யாரிடம் போய்க் கேட்டிருக்க முடியும்? அடுத்த வாரத்திலிருந்து சாருக்குப் பிடித்த மாதிரி எழுதினேன். ஏழரை, எட்டு என்று ஏறியது.

இப்போது நான் ஒரு தொண்டு நிறுவனத்தில் வேலை செய்கிறேன், மாணவர்கள் என்னிடம் ஃபீல்டு வொர்க்குக்கு வருகிறார்கள், பேனா என் கையில். போன மாதம் ஒரு பெண் எழுதிய ரெக்கார்டில் ஒரு பாட்டி சொல்கிறார், "இலவச அரிசி குடுத்துதான் குடும்பம் கெட்டுச்சு." தமிழ்நாட்டில் 2011-இலிருந்து ரேஷனில் அரிசி இலவசம், அதைக் குறை சொன்னால் எனக்குப் பொத்துக்கொண்டு வரும். கை கோடு போடப் போய்விட்டது. நிறுத்தி, "ஏன் அப்படிச் சொன்னார்? அடுத்த வாரம் கேட்டுட்டு வா" என்று மட்டும் எழுதினேன்.

கேட்டுக்கொண்டு வந்தாள். பாட்டியின் அரிசியை மகன் வாங்கிவந்த வழியிலேயே இட்லிக் கடையில் விற்றுக் குடித்துவிடுகிறானாம். கார்டு அவன் வீட்டில், பாட்டி பெயர் அதில் கடைசி. தனிக் கார்டுக்கு மனு எழுதிக்கொண்டிருக்கிறோம்.